மேற்குச் சுவரில் நின்ற துரைமார்

பூனாவில் பட்டாளத்து வட்டாரமான கேம்ப்பில், போப்ளா சவுக்கு என்ற நாற்சந்திக்குப் பின்சந்தில் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்த முகம்மது மீரானுக்கு ஒரே ஒரு திமிர் உண்டு. பணத் திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு வழியே இல்லை. அழகுத் திமிரும் கிடையாது. அம்மைத் தழும்பு விழுந்த அந்த முகத்தை வைத்துக்கொண்டு அதெல்லாம் நடக்காது. அவருடைய திமிரெல்லாம் ஒரே சொல்லில் இருந்தது: அமானிதம். நம்பி ஒருவர் ஒப்படைத்த பொருளை, கொடுத்தது கொடுத்தபடியே திருப்பிக் கொடுப்பது. இதில் தன்னை மிஞ்ச இந்தக் கேம்ப்பில் ஆள் இல்லை என்று அவர் உள்ளுக்குள் நம்பினார். கேட்க ஆள் கிடைத்தால் வெளியிலும் சொல்லிக்கொள்வார்.

சொந்த ஊர் பத்தமடை. மீசை முளைத்த வயதில் கோரைப் பாய்க் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தவர். பங்களா பங்களாவாக ஏறி, வராந்தாவில் பாயை விரித்துக் காட்டி மேம்சாயபுகளிடம் விற்றார். பட்டாளத்துத் துரைமாருக்கு மாற்றல் வந்தால் மூட்டை கட்ட வேண்டும். கட்டுகிற அவசரத்தில், "இந்த நாற்காலியை விற்றுக் கொடு, அந்த அலமாரியை எடுத்துக்கொள்" என்று அவரிடமே தள்ளிவிடுவார்கள். பாய் போய் நாற்காலி வந்தது, நாற்காலி போய்க் கடை வந்தது. நாடு இரண்டான சமயத்தில் கராச்சிக்குப் போன ஒரு குடும்பம் ஒரு தையல் மெஷினை அவரிடம் விட்டுவிட்டுப் போனது. நாலைந்து வருஷம் கழித்து அந்த வீட்டுக்காரரின் தம்பி தயங்கித் தயங்கி வந்து கேட்டபோது மெஷின் எண்ணெய் போட்டபடி தயாராக இருந்தது. அந்தத் தம்பி அழுதுவிட்டான். மீரான் அந்த அழுகையைப் பற்றி ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம் வந்து மாட்டியதுதான் அந்தப் படம்.

மேஜர் மக்கெல்வி ஸ்காட்லாந்துக்காரர். சுதந்திரத்துக்குப் பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே ஒரு குதிரைப் பண்ணையைக் கவனித்துக்கொண்டிருந்தவர். மனைவி இறந்து, இங்கேயே அடக்கம் செய்த பிறகு, ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஊருக்குக் கிளம்பினார். பங்களாவில் இருந்த கட்டில், மேஜை, கோட்டு மாட்டி எல்லாவற்றையும் மீரான் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு அறையில் மட்டும் ஒன்று மிச்சமிருந்தது.

ஒரு கதவைப் படுக்கவைத்த அளவுக்கு எண்ணெய் வர்ணப் படம். பொன் பூச்சு உதிர்ந்த சட்டம். இருநூறு வருஷத்துக்கு முந்தியது என்றார் மேஜர். இரண்டு கனவான்கள். ஒருவர் நீலக் கோட்டு அணிந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கறுத்த சொந்த முடி, சிரிக்கப் போகிற வாய். இன்னொருவர் சிவப்புக் கோட்டில் அவருக்குப் பின்னால் நின்று, அவருடைய தோளில் கையை வைத்திருந்தார். நிற்பவர் தலையில் மாவு தூவிய வெள்ளைப் பொய்முடி. காலடியில் ஒரு வேட்டை நாய். பின்னால் மழை வரப்போகிற மாதிரி ஒரு வானம்.

"இதை விற்காதே மீரான்" என்றார் மேஜர், தன் பட்டாளத்து இந்துஸ்தானியில். "நான் வந்து எடுத்துக்கொள்ளும்வரை உன்னிடம் இருக்கட்டும். சுருட்டிவிடாதே. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்காதே, மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். காற்றுப் படட்டும்."

மீரான் நெஞ்சில் கைவைத்தார். "அமானிதம், சாப்" என்றார். அப்போது மேஜரின் முகத்தில் வந்து போனது என்ன என்று அவர் கவனிக்கவில்லை. தன் சொல்லின் அழகைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் கடையின் தரை ஈரம் ஊறும். அதனால் படம் மாடிக்கு ஏறியது. மாடியில் ஒரு கூடம், ஒரு அடுப்பங்கரை, அவ்வளவுதான் வீடு. கூடத்தின் ஒரு சுவரில் ஜன்னல், ஒன்றில் படிக்கட்டு வாசல், ஒன்றில் அலமாரி. அவ்வளவு பெரிய படத்தைச் சாத்திவைக்க மிச்சமிருந்தது ஒரே சுவர், மேற்குச் சுவர். அதுதான் கிப்லா. அந்தத் திசையைப் பார்த்துத்தான் தொழ வேண்டும்.

மீரானின் மனைவி சைனபு அடுப்பங்கரையிலிருந்து வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னது இது?"

"மேஜர் துரையோட அமானிதம்."

"தொழுத சொவத்துல ரெண்டு ஆம்பளையக் கொண்டாந்து நிறுத்தியிருக்கிய! உருவம் இருக்க வீட்டுக்குள்ள வானத்து மலக்கு வருவாவளா? அல்லாவோட ரஹ்மத்து எறங்குமா?" அவள் கிட்டே வந்து பார்த்தாள். "யா அல்லா, நாய் வேற!"

"படத்து நாய்தானே, கடிக்கவா போவுது?"

"இவன் யாரு, மூஞ்சி முப்பது, தலை எழுபதுன்னு? எனக்குப் பாக்கவே பயமா இருக்கு. திருப்பியாவது வைங்க."

"திருப்பக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"அவரு சொன்னா? நான் சொல்லுதேனே!"

மீரான் ஒரு பழைய மெத்தைவிரிப்பை எடுத்துப் படத்தின் மேல் போட்டார். மூடியாயிற்று, இனி என்ன என்றார். பள்ளிவாசலில் கேட்டு வந்தும் சொன்னார்: மூடியிருந்தால் குற்றமில்லையாம். சைனபு அதைக் கேட்டுத் தலையசைத்தாள். ஆனால் அன்று அஸர் தொழுகைக்குத் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். துணிக்குப் பின்னால் ரெண்டு பேர் நிக்கிறது எனக்குத் தெரியுமே, மனசு நிக்கலியே என்றாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்று மீரான் நினைத்தார். அவர் ஐந்து வேளையும் பள்ளிவாசலில் தொழுகிறவர். நாலு நாள் நாலு மாதம் ஆனது, பிறகு வருஷங்கள் ஆயின. சைனபு அடுப்பங்கரையிலேயே தொழுதாள். எப்போதாவது, "அந்த மேஜரு எப்ப வாராராம்?" என்று மட்டும் கேட்பாள். "வருவாரு" என்பார் மீரான்.

ஒவ்வொரு வருஷமும் மழை நின்றதும் அவர் விரிப்பை எடுத்து, காய்ந்த துணியால் படத்தை மெல்ல ஒற்றித் துடைப்பார். பூசணம் இல்லை, கீறல் இல்லை என்று பார்த்துக்கொண்டு மறுபடி மூடிவிடுவார். அந்த ஒரு நாள் அவருக்குப் பெருநாள் மாதிரி. பம்பாயிலிருந்து வந்த ஒரு வியாபாரி எப்படியோ மோப்பம் பிடித்து வந்து, படத்தை விலைக்குக் கேட்டுக் கடை வாசலில் தவம் கிடந்தான். "என் தலையைக் கேள், தருகிறேன்" என்று சொல்லி மீரான் அவனை அனுப்பிவிட்டார். அந்த வசனமும் பள்ளிவாசலில் பல தடவை அரங்கேறியது.

அவர்களுக்கு ஒரே மகள், ஜொஹ்ரா. மங்கள்வார் பேட்டில் பூட்டுக்கடை வைத்திருந்த ஜாபர் சாதிக்குக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவளுக்கு அந்தக் கூடத்தில்தான் குழந்தை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு சைனபு மேற்குச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். மீரானைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மீரான் பதில் வைத்திருந்தார். ஆயுசு அல்லாவின் கையில் இருக்கிறது, இதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று.

அறுபத்தொன்று ஜூலையில் பான்ஷெத் அணை உடைந்தது. ஆற்றோரப் பேட்டைகளுக்குள் தண்ணீர் மாடி உயரத்துக்குப் புகுந்தது. கேம்ப் மேட்டில் இருந்ததால் தப்பியது. ஜாபர் சாதிக் நிறைமாதமாக இருந்த ஜொஹ்ராவை யாருடைய கைவண்டியிலோ ஏற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்து மாமனார் வீட்டில் சேர்த்தான். அவளுக்கு அப்போதே வலி கண்டுவிட்டது. மீரான் ஓடிப்போய் மருத்துவச்சி மரியம்மாளைக் கூட்டி வந்துவிட்டு, மருமகனோடு மறுபடி இறங்கிப் போனார். அந்தப் பக்கத்தில் யார் யாரோ கூரை மேல் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும்போது சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தவர் படியேறும்போதே குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டார். பெண் குழந்தை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கூடத்தில் மேற்குச் சுவரில் விரிப்பு மூடியது மூடியபடி இருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

வெள்ளத்தில் வீடு போய்விட்டதால் மகளும் மருமகனும் அங்கேயே தங்கினார்கள். அந்த வருஷம் மழையும் நீண்டது. படத்தைத் துடைக்கிற நாளும் தள்ளிப் போனது.

தசரா முடிந்து, கடை நிலைகளில் கட்டிய செண்டுமல்லித் தோரணம் இன்னும் வாடிக்கொண்டிருந்தது. ஜொஹ்ராவும் புருஷனும் பழைய வீட்டைப் பார்க்கப் போயிருந்த ஒரு பின்னேரத்தில் சந்து முனையில் ஒரு குதிரை டாங்கா வந்து நின்றது. கைத்தடியோடு ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். மெலிந்து, வளைந்து, கழுத்துச் சதை தொங்கிப்போயிருந்தார். ஆனால் "மீரான் சேட்!" என்று கூப்பிட்ட குரல் மாறவில்லை.

மீரானுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து ஓடி இரண்டு கையாலும் மேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷமாக இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தார்! நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ சொல்லி அனுப்பினார். மனைவியின் கல்லறையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்ததாக மேஜர் சொன்னார். உடம்பு சரியில்லை, இனி வர முடியாது, வந்த இடத்தில் உனக்கும் ஒரு சலாம் சொல்லிப் போகலாம் என்று நினைத்தேன் என்றார்.

"சலாம் இருக்கட்டும் சாப். உங்கள் பொருள் பத்திரமாக இருக்கிறது."

"எந்தப் பொருள்?"

மீரான் வாய்விட்டுச் சிரித்தார். துரைக்கு இந்த வயதிலும் வேடிக்கை போகவில்லை பார் என்று நினைத்தார். "வாருங்கள், வாருங்கள்" என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுத்தார். மேஜர் முதல் படியில் நின்றார். "வேண்டாம் மீரான், இன்னொரு நாள்" என்றார். இன்னொரு நாளாவது! மீரான் விடுவாரா? படியில் ஏறியபடியே மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜொஹ்ரா உம்மா! ஆள் வருது, உள்ளே போயிருங்க."

"யாரு?"

"படத்துக்காரரு வந்துட்டாரு!"

அடுப்பங்கரையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. 

மேஜரைக் கட்டிலில் உட்காரவைத்தார். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கொடுத்தது கொடுத்தபடியே, சாப்" என்று சொல்லி விரிப்பை இழுத்தார்.

மேஜரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டுத்தான் மீரான் திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

இரண்டு கனவான்களின் கழுத்தும் அறுந்திருந்தது. காதுக்குக் கீழிருந்து காதுக்குக் கீழ்வரை விரற்கடை அகலத்துக்கு வர்ணம் சுரண்டி எடுக்கப்பட்டு, அடித்துணி வெள்ளையாகத் தெரிந்தது. உட்கார்ந்திருந்தவர் அப்போதும் சிரிக்கப் போகிற மாதிரிதான் இருந்தார். நின்றிருந்தவருடைய கை அப்போதும் மற்றவரின் தோளில் இருந்தது. காலடியில் நாயையும் விடவில்லை. அதன் கழுத்திலும் ஒரு வெள்ளைக் கோடு.

 எலி கடித்திருக்குமோ என்று மீரான் நினைத்தார். எலிக்கு இவ்வளவு நேர்க்கோடு வராது. திருடனா? திருடன் எதற்குக் கழுத்தை மட்டும் சுரண்டுகிறான்? சுவரைப் பிடித்துக்கொண்டார். பூனாவில் இத்தனை காலம் வாழ்ந்த வாழ்வு, தையல் மெஷின், பள்ளிவாசல் பேச்சு எல்லாம் ஒரு நொடியில் மண்ணாகப் போயிற்று. சாப் முகத்தை எப்படிப் பார்ப்பது? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"யார் செய்தது?" என்றார் மேஜர். 

அடுப்பங்கரைத் திரை விலகியது. பிற ஆண்கள் வந்தால் நிழலைக்கூடக் காட்டாத சைனபு, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர் முன்னால் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். படம் கொடுத்த அதிர்ச்சியாவது ஒரு மாதிரி; இது மீரானை அப்படியே அறைந்துவிட்டது.

"மைனே கியா, சாப்" என்றாள். நான்தான் செய்தேன் என்று. அவளுக்குத் தெரிந்த இந்துஸ்தானி காய்கறிக் கடைவரைக்கும்தான். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "மீதிய நீங்க சொல்லுங்க அவர்ட்ட. போன பிள்ள இந்த எடத்துலதான் மவுத்தாப் பொறந்துச்சு. வெள்ளம் வந்த அன்னைக்கி ஜொஹ்ரா அதே எடத்துல கெடந்து துடிக்கா. நீங்களும் இல்ல, மாப்ளையும் இல்ல. சின்ன வயசுல எனக்கு ஓதிக்குடுத்த ஆலிம்சா சொல்லுவாவ, தலையில்லாத உருவம் உருவமில்ல, அது மரம் மட்டை மாதிரின்னு. நாங்க பொம்மைக்கெல்லாம் கழுத்துல கோடு போட்டுத்தான் வெளையாடுவோம். மரியம்மா கொண்டாந்த பிளேடுல ஒண்ண எடுத்தேன். ரெண்டு பேருக்கும் போட்டேன். நாய்க்கும் போட்டேன். அப்புறந்தான் பிள்ள அழுதுச்சு. தப்புன்னா என்னைய என்ன வேணா செய்யட்டும்."

இதை எப்படி மொழிபெயர்ப்பது?  மீரான் குனிந்த தலையோடு, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். மேஜர் திட்டுவார், தடியை ஓங்குவார், போலீஸுக்குப் போவார் என்று காத்திருந்தார். மேஜர் எழுந்து படத்துக்குக் கிட்டே போனார். நிற்பவருடைய கழுத்துக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"உட்கார்ந்திருக்கிறாரே, அவர் தலையை உண்மையிலேயே வெட்டினார்கள், மீரான்" என்றார்.

சைனபு எதுவும் புரியாமல் புருஷனைப் பார்த்தாள். மீரானுக்குப் புரிந்தது, ஆனால் காது கேட்டதை மனம் வாங்கவில்லை.

மேஜர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார். நிற்பவர் அவருடைய பாட்டனுக்கும் பாட்டன். உட்கார்ந்திருப்பவர் அந்தப் பாட்டனின் மச்சினன், மனைவியின் உடன்பிறந்தவர். படம் எழுதிய காலத்தில் இருவரும் உயிருக்குயிரான சிநேகிதர்கள். பிறகு ராஜாவுக்கு எதிராக ஒரு பெரிய கலகம் எழுந்தது. மச்சினன் கலகக்காரர்களோடு போனார், தோற்றார். ஒளிந்துகொள்ள இடமில்லாமல் தங்கை வீட்டுக்கு வந்தார். என் உயிர் உன் கையில் என்று இவரிடம் சொன்னார். இவர் சாப்பாடு போட்டுப் படுக்கவைத்துவிட்டு, சிப்பாய்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் தலை போயிற்று. இவருக்கு நிலம் மிஞ்சியது. கழுத்து நலுங்காமல் கிழவனாகிப் படுக்கையில் செத்தார்.

"அந்த நிலத்துச் சோற்றைத்தான் நாங்கள் எல்லோரும் தின்றோம், இந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து. தோளில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு. எனக்குச் சின்ன வயதில் சோறு இறங்காது" என்றார் மேஜர். சைனபுவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். "நிற்கிற இவர் கழுத்தில் கோடு போட இருநூறு வருஷமாக எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கை வரவில்லை."

மீரானுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் சாபுக்குக் கோபமில்லையா? "மன்னித்துவிடுங்கள் சாப். நல்ல ஆளாகப் பார்த்துச் சரி செய்து..."

"நான் இதை எடுக்க வரவில்லை, மீரான்."

"என்ன சாப்?"

"எடுக்க வருவதாக எனக்கு எண்ணமே இருந்ததில்லை. விற்க மனம் வரவில்லை, எரிக்கவும் தைரியமில்லை. நீ ஏன் என்று கேட்க மாட்டாய், பத்திரமாகவும் வைப்பாய் என்று தெரியும். வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னது சும்மா சொன்னது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நீயே யாருக்காவது தள்ளிவிடுவாய் என்று நினைத்தேன். நீ இன்னும் வைத்திருப்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை."

மீரான் அப்படியே நின்றார். கழுத்து அறுந்ததைப் பார்த்தபோதுகூட இப்படி ஆகவில்லை. பொய்யா? அமானிதம் என்று நெஞ்சில் கைவைத்து வாங்கியது பொய்யையா? மச்சினனைக் காட்டிக் கொடுத்த ஒருவனை, நம்பி வந்தவனின் உயிரை விற்றவனை, கிப்லாச் சுவரில் சார்த்தி, வருஷா வருஷம் துடைத்துத் துடைத்துக் காத்தது எதற்கு?  ஆயுளில் எந்தத் துரையிடமும் குரல் உயர்த்தாதவர் அன்று உயர்த்தினார்.

"எடுத்துக்கொண்டு போங்கள் சாப்."

"மீரான்..."

"கொடுத்தீர்கள், வைத்திருந்தேன். இப்போது உங்கள் ஆட்களை நீங்களே கொண்டு போங்கள். என் வீட்டில் இனி ஒரு நாழிகை இருக்கக் கூடாது."

 ஒரு பக்கம் மேஜர் பிடிக்க, மறு பக்கம் மீரான் பிடிக்க, படம் படிக்கட்டில் இடித்து இடித்து இறங்கியது. டாங்காவில் குறுக்கே வைத்ததும் பாதிப் படம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்தறுந்த இரண்டு துரைமாரும் ஒரு நாயும் போப்ளா சவுக்கைப் பார்த்தபடி போனார்கள். பழக்கடைக்காரர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். மேஜர் திரும்பிப் பார்க்கவில்லை.

மீரான் படியேறி வந்தார். வெறும் மேற்குச் சுவரைப் பார்த்தார். நெஞ்சுக்குள் இன்னும் பொருமிக்கொண்டிருந்தது. கோபம் போக ஒரு இடம் வேண்டுமே.

"அடுத்தவன் பொருள்ல பிளேடு வச்சிருக்கே. என்னட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

சைனபு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"கேட்டனே. வந்த அன்னைக்கே கேட்டேன். பெறவு வருசா வருசம் கேட்டேன். அந்த மேஜரு ஒரு நாளு சொன்னத எட்டு வருசமாக் காப்பாத்துனிய. எங்க வாப்பா ஒங்க கையப் புடிச்சி என்னையக் குடுத்தாவளே, அதுவும் அமானிதம்தான். அத என்னைக்காவது தொடச்சிப் பாத்தியளா?"

தொட்டில் கயிறு கிறீச்சிட்டது.   பொழுது சாய்ந்து, வெளியே மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மீரான் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குக் கிளம்பவில்லை. முகம் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, கூடத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் பாயை விரித்துப் பார்த்தார். நிற்க வெட்கமாக இருந்தது. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனார். அந்த வீட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் வாசலில் நின்று தண்ணீர் கேட்டிருக்கிறாரே தவிர, உள்ளே கால் வைத்ததில்லை. சாப்பாடு கூடத்துக்கே வந்துவிடும்.

உள்ளே புகை அடைந்து கிடந்தது. அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம் மட்டும் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அங்கேதான் அவள் தொழுவாள் என்று தெரிந்தது. பாயை விரித்து, தொழுகை தொடங்கத் தக்பீர் கட்ட நிமிர்ந்தார். தகரக் கூரை தலையில் இடித்தது. ஒரு அடி முன்னால் தள்ளி நின்று பார்த்தார். அங்கே கூரை இன்னும் தாழ்ந்திருந்தது. பின்னால் நகர்ந்தால் அடுப்பு. முழங்காலை மடக்கி, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு மனிதர் நேராக நிற்க அங்கே இடமில்லை.

சைனபு வாசலில் வந்து நின்றாள்.

"நிக்க முடியாது" என்றாள். "நான் ஒக்காந்துதான் தொழுவேன்."

மீரான் தலையைத் தடவியபடி அவளையே பார்த்தார். அவளுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. நோயாளிகளும் தள்ளாத கிழவிகளும் உட்கார்ந்து தொழுகிறார்களே, அப்படி எட்டு வருஷமாக, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, இந்தப் புகைக்குள் உட்கார்ந்து தொழுதிருக்கிறாள். ஒரு நாள்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை.  அந்தத் தகரத்தின் கீழேயே மடங்கி உட்கார்ந்துவிட்டார். அன்று மக்ரிப் அவருக்குத் தவறிப்போனது.